அர்த்தனாரியைக் காட்டும் முள்

அர்த்தனாரியைத் தேடுவது வெள்ளப்பாறையில் பாதிப் பேருக்கு உபதொழிலாக இருந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளாகவே நிற்கிற ஊர் அது. அங்கே கேஸ் இல்லாமல் ஒரு துரும்பும் நகராது, தகடு வெட்ட ஒரு கேஸ், பற்றவைக்க ஒரு கேஸ், சோடாவுக்கு ஒரு கேஸ், டயருக்குக் காற்று, கல்யாண மண்டபத்துப் பாயசத்துக்குச் சிலிண்டர், இது போதாதென்று ஊர் ஊராக எரிவாயு சுமந்துகொண்டு போகிற டேங்கர் லாரிகள், அத்தனையின் கழுத்திலும் ஒரு கேஜ், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் அடைந்து கிடக்கிறது என்று முள்ளை நகர்த்திச் சொல்கிற ஒரு வட்ட மூஞ்சி. அந்த வட்ட மூஞ்சிகள் மக்கர் பண்ணினால் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே வளைந்து கிடக்கிற செம்புக் குழாயை நீவி, பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முள்ளைக் கொண்டுவந்து பூஜ்யத்தில் உட்காரவைக்கத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் அர்த்தனாரி ஒருத்தர்தான். தங்கமான கை. ஆள்தான் அகப்பட மாட்டார்.

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷனுக்கு ‘முடியாது’ என்கிற வார்த்தை வாயில் வராது, பிறந்ததிலிருந்து வந்ததில்லை. யார் வந்து கேட்டாலும் சரிங்க, நாளைக்கு வாங்க என்பார், வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே ஒரு நாளைதான், அந்த நாளை விடிந்ததும் அவர்கள் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு கம்பி நீட்டிவிடுவார். ஒருநாள் வாழைத்தார் மண்டியில் தார்களுக்குப் பின்னால், ஒருநாள் சோடா கம்பெனிக் கொல்லையில், ஒருநாள் பெயிண்ட் காயவிட்டிருக்கிற புது லாரியின் கேபினுக்குள் கால் நீட்டிக்கொண்டு. சம்சாரம் ராசாமணியிடம் போய் விசாரித்தால், எங்கிட்ட மட்டும் சொல்லீட்டா போறாரு என்று சொல்லி மிக்சியைப் போட்டுவிடுவாள், அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை காலையில், வெல்டர் அங்கமுத்து ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தான், கேஜ் முள் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறு பக்கமாகச் சாய்ந்து நின்றது. விரலால் ஒரு சுண்டு சுண்டினான், அசையவில்லை. கழற்றி உள்ளங்கையில் தட்டுப்போலப் படுக்கவைத்தான், கேஸே இல்லாமல் அப்போதும் முள் மேற்கே பார்த்தது, கையைத் திருப்பினால் முள்ளும் திரும்பி மறுபடி மேற்கே பார்த்தது. சரி, எதையோ காட்டுகிறது, என்னதான் அது என்று போய்ப் பார்ப்போமே என்று கேஜைக் கையில் ஏந்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்து, வாழை மண்டிக்குள் போய், கடைசிக் குவியலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், அங்கே அர்த்தனாரி குந்த வைத்து உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அங்கமுத்துவுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை, வாரக்கணக்காகத் தேடுகிறவன். தான் ரிப்பேருக்குக் கொடுத்த கட்டிங் செட் கேஜ் என்ன ஆச்சு என்று கேட்டான், அர்த்தனாரி கடலைத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நாளைக்குத் தருவதாகச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு கேஜ் இல்லை, வெள்ளப்பாறையில் இருந்த அத்தனை கேஜும் அர்த்தனாரி இருக்கிற திசையைக் காட்டிக்கொண்டு நின்றன, அவர் நடந்தால் முள் நகர்ந்தது, அவர் உட்கார்ந்தால் முள் நின்றது, தாலுக்கா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று காட்டக் கண்ணாடிக் குழாய்க்குள் மிதந்துகொண்டிருக்கிற சின்னப் பந்துகூட, மிதக்கிற உயரம் மாறாமல், அவர் இருந்த பக்கத்துக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. எல்லாம் அவர் கைபட்ட கேஜுகள் என்பதால் வந்த வினை என்றார்கள் சிலர், ஆனால் பெட்டி பிரிக்காத புதுக் கேஜும் அவரைத்தான் காட்டியது. நாளைக்கு நாளைக்கு என்று அலமாரியில் போட்டு வைத்திருந்ததில் கேஜுகளுக்கே அவர்மேல் ஏக்கம் வந்துவிட்டது என்றான் டீக்கடைச் சின்னராசு. அதோடு ஊர் காரணம் தேடுவதை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

வேலை நடக்கவேண்டுமே, அதுதான் முக்கியம். முள் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிவது? ஒரு வாரம் உற்றுப் பார்த்ததில் பிடிபட்டுவிட்டது: அழுத்தம் கூட இருந்தால் முள் படபடவென்று துடிக்கும், குறையக் குறையத் துடிப்பு அடங்கும், காலியானால் தூங்குகிற குழந்தை மாதிரி கிடக்கும். அதற்குப் பிறகு வெல்டர்கள் எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், துடிப்பைப் பார்த்தே அச்சாகச் சொன்னார்கள், பழைய முறையைவிட இதுவே தேவலை என்று பேசிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். டேங்கர்களைச் சோதிக்க வெளியூரிலிருந்து அதிகாரி வந்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் திண்டாட்டமாகப் போய்விட்டது, அவருக்கு எண்தான் வேண்டும், துடிப்பெல்லாம் அவருடைய சட்டத்தில் இல்லை. டேங்கர் என்னவோ நல்ல டேங்கர்தான், அங்கமுத்து துடிப்பைப் பார்த்து உறுதியாகச் சொன்னான், அதனால் அர்த்தனாரியைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்தி, அக்கட்டால தள்ளுங்கண்ணா, இன்னும் கொஞ்சம், போதும் போதும், அப்படியே நில்லுங்க என்று முள்ளைச் சரியான எண்ணில் கொண்டுவந்து வைத்தார்கள், அதிகாரி பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

டீக்கடை மேஜையில் ஒரு கேஜ் எப்போதும் படுத்துக் கிடந்தது. அர்த்தனாரி அண்ணன் எங்கே என்று யாராவது கேட்டால், சின்னராசு திரும்பிப் பார்க்காமலே முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு டீ ஆற்றுவான். பாவம் அர்த்தனாரி. மண்டிக்குள் போனால் மண்டிக்கு ஆள் வந்தது, லாரிக்குள் ஏறினால் லாரிக் கதவைத் தட்டினார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் கடையிலேயே உட்கார்ந்து அலமாரியில் கிடந்த அத்தனை கேஜையும் ரிப்பேர் பண்ணிக் கொடுத்தார். ஊரே அவரை நல்ல மனுஷன் ஆகிவிட்டார் என்று மெச்சியது. அவர் மனசுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அவருக்கு நிஜமாகவே ஒளிக்கவேண்டியது ஒன்று இருந்தது.

மகள்தான். ஒரே மகள் கோகிலா, டேங்கர் ஓட்டுகிற சகாயராஜைக் கட்டிக்கொண்டு ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தாள். சகாயராஜ் மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, வேறு சாதி, வேறு சாமி என்பதைத் தவிர. ஆனால் ராசாமணியின் அண்ணன் நல்லசிவம், ஊரிலேயே பெரிய பட்டறைக்காரர், தன் மகனுக்குத்தான் கோகிலா என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொல்லி வைத்திருந்தவர். கல்யாணச் சேதி கேட்ட அன்றைக்கு வந்து அர்த்தனாரி வாசலில் நின்று, கோகிலா வீட்டு வாசற்படியை மிதித்தவர் யாராக இருந்தாலும் அவர்கள் இருக்கிற வீட்டுக்குத் தான் இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார், அர்த்தனாரி சரிங்க மச்சான் என்றார். ராத்திரி கோகிலா போன் பண்ணி, அப்பா நீங்களாவது வருவீங்கல்ல என்று அழுதாள், சரி கண்ணு என்றார். இரண்டு சரியும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன.

ராசாமணிக்கு அண்ணன் என்றால் சும்மா இல்லை. அப்பன் ஆத்தாள் போனபிறகு அவளைத் தூக்கி வளர்த்தவர், அவளுக்குச் சடை பின்னத் தெரியாமல் பின்னிவிட்டவர், வருஷா வருஷம் பொங்கலுக்குக் கரும்பும் சேலையும் எடுத்துக்கொண்டு தானே வந்து படியேறுகிறவர். அந்தக் கால் தன் வீட்டுப் படியேறாமல் போனால் அவள் உடைந்துபோவாள் என்று அர்த்தனாரிக்குத் தெரியும். அதனால் அவளிடம்கூடச் சொல்லாமல் புதன்கிழமை மத்தியானங்களில் பாலம் தாண்டிப் போய் மகளைப் பார்த்து, அவள் கொடுக்கிற காப்பியைக் குடித்து, வயிறு எவ்வளவு பெரிசாகியிருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு திரும்பி வருவார். மூட்டுவலிக்கு எண்ணெய் வாங்கப் போனதாக வீட்டில் பேர்.

இப்போது ஊரில் இருக்கிற ஒவ்வொரு முள்ளும் அவரைக் காட்டிக் கொடுக்கும் என்றால் எப்படிப் போவது? முதல் புதன்கிழமை போகவில்லை. இரண்டாவது புதன்கிழமை, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், டீக்கடைக் கேஜின் மேல் ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது. பக்கத்துப் பட்டறையிலும் ஈரச்சாக்கு. சோடா கம்பெனியில் ஈரத்துண்டு. டயர் கடையில் ஒரு பழைய பாவாடை. என்னப்பா இது என்று சின்னராசைக் கேட்டார். புதன்கிழமை மத்தியான வெயில் முள்ளுக்கு ஆகாதுங்க, வாடிப்போயிரும், சாயங்காலம் வரைக்கும் மூடித்தான் வெக்கோணும் என்றான் அவன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இப்படியும் முட்டாள் ஜனங்கள் இருக்குமா என்று அர்த்தனாரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, சாமிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, பாலத்தைப் பார்த்து நடந்தார். அதற்கப்புறம் புதன்கிழமை தவறாமல் ஊர் முள்ளை மூடியது, அவர் தவறாமல் போனார், கோகிலாவின் வயிறும் தவறாமல் வளர்ந்தது.

இதில் மாட்டாமல் இருந்தது ஒரே ஒரு கேஜ். நல்லசிவம் தன் ஆபீஸில், மரப்பெட்டிக்குள் பட்டுத்துணி சுற்றி, சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு பித்தளைக் கேஜ் வைத்திருந்தார், மற்றக் கேஜுகள் சரியா தப்பா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற தலைமைக் கேஜ் அது. அவருக்கு மனுஷர் பேச்சில் நம்பிக்கை கிடையாது. பட்டறையில் எந்தத் தகராறு வந்தாலும், நீயும் சொல்லாதே அவனும் சொல்லவேண்டாம், முள் சொல்லட்டும் என்பார், முள் சொன்னதற்கு அப்பீல் கிடையாது. ஒரு புதன்கிழமை வெளியூர் லாரிக்காரன் ஒருத்தன் விவரம் தெரியாமல் அவரிடமே போய், ஏனுங்க, உங்க ஊர்ல எல்லாக் கேஜுக்கும் எதுக்குங்க முக்காடு போட்டிருக்குது என்று கேட்டுவிட்டான். நல்லசிவம் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். பித்தளைக் கேஜின் முள் தெற்கே, பாலத்துப் பக்கமாக, ஆடாமல் அசையாமல் நின்றது.

அவர் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. சாயங்காலம் டீக்கடைக்கு வந்து, அர்த்தனாரி உட்பட எல்லோரும் இருக்கும்போது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“இன்னொருக்கா முள்ளு பாலத்துப் பக்கம் திரும்பட்டும். கேஜைக் கையில எடுத்துக்கிட்டு நானே போறேன். முள்ளு எங்க கொண்டுபோய் நிறுத்துதோ அங்க நிப்பேன். அது காட்டற ஆளு எனக்கு வேண்டிய ஆளா வேண்டாத ஆளான்னு அங்கயே சொல்லிப்போட்டு வந்தர்றேன். வேண்டாத ஆளுன்னு சொன்னா, தங்கச்சி வீடும் சேத்தித்தான்.”

அர்த்தனாரி பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அன்றைக்கு ராத்திரி ராசாமணி சோற்றைப் போட்டுவிட்டு, அண்ணன் என்னமோ சொன்னாருங்களாமா என்று கேட்டாள், என்னமோ கேஜைப் பத்திச் சொன்னாரு என்று சமாளித்தார். அடுத்த புதன்கிழமை அவர் போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை, மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்தும் போகவில்லை, ஊர் மட்டும் பழக்கம் மாறாமல் முள்ளை மூடிவிட்டு அவர் கடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் புதன்கிழமை தெரியுமா? ஒரு சனிக்கிழமை, பட்டறைகளில் சம்பள நாள், ஊரில் இருக்கிற அத்தனை கேஜும் பளிச்சென்று திறந்து கிடக்கிற உச்சி வேளையில், எங்கேயோ வடக்கே டேங்கரோடு நின்றுகொண்டிருந்த சகாயராஜ் போன் பண்ணினான். மாமா, கோகிலாவுக்கு வலி எடுத்திருச்சு, தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்காங்க, நான் வர நாளாகும் என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரி பாலத்தடியில் இருக்கிறது. அர்த்தனாரி கையில் இருந்த திருப்புளியை வைத்தார், செருப்புப் போடக்கூட மறந்துவிட்டு ரோட்டில் இறங்கினார், தெற்கே நடந்தார். அவர் தாண்டத் தாண்ட ஒவ்வொரு பட்டறையிலும் முள் திரும்பியது. அங்கமுத்து சட்டையைக் கழற்றித் தன் கேஜின்மேல் போட்டான், சின்னராசு கைக்குக் கிடைத்த சாக்கைத் தண்ணீரில்கூட நனைக்காமல் தூக்கி எறிந்தான், ஆனால் எத்தனையைத்தான் மூடுவது, அதற்குள் நல்லசிவம் மரப்பெட்டியைத் திறந்தாகிவிட்டது, பித்தளைக் கேஜைப் புல்லட்டின் டேங்க் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முள் காட்டுகிற வழியில் அவரும் கிளம்பியாகிவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில், பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் ராசாமணி உட்கார்ந்திருந்தாள். நீ எப்படி இங்கே என்று அர்த்தனாரி கேட்பதற்குள் வாசலில் புல்லட் சத்தம் கேட்டது, கேட்டதும் பழைய புத்தி, பக்கத்தில் வரிசையாக நின்ற ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். சிலிண்டர்கள் ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த கேஜ் முள் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தது.

“ஒளியறதுக்கு எடம் பாத்தீங்க பாருங்க,” என்றாள் ராசாமணி. எழுந்துவந்து, அண்ணன் படியேறி வருவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று தாழ்ந்த குரலில் வேகமாகச் சொன்னாள். “வீட்டுலயும் ஒரு கேஜ் இருக்குதுங்க. மொதப் புதன்கிழமை நீங்க செருப்பப் போடறதும் கழட்டறதுமா வாசல்லயே நின்னப்பவே எங்க போறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு கடையா ஏறி, சாக்குப் போட்டு மூடுங்கன்னு காலப் புடிக்காத கொறையாக் கேட்டது நாந்தான். எனக்கும் போகோணும்னுதான் இருந்துச்சு. நீங்க ஒருத்தராச்சும் போறீங்களேன்னு இருந்தேன். இன்னைக்கு எனக்கும் போன் வந்துச்சு, அதுக்கு மேல வீட்டுல இருக்க முடியல.”

அர்த்தனாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரை முட்டாள் என்று சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அடித்தது. சிலிண்டர்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். எதிரே நல்லசிவம் இரண்டு கையிலும் பித்தளைக் கேஜை ஏந்திக்கொண்டு நின்றார், முள் நேராக அர்த்தனாரியின் நெஞ்சைக் காட்டியது.

“சொன்ன சொல்லுக்கு வந்துட்டேன் மாப்ளே,” என்றார். “தங்கச்சியக் கூட்டிக்கிட்டு இப்பவே வீட்டுக்கு நடங்க. நானும் ஒண்ணும் பாக்கலைன்னு போயர்றேன்.”

அர்த்தனாரியின் வாய் பழக்கதோஷத்தில் ‘ச’ என்று ஆரம்பித்தது. உள்ளேயிருந்து கோகிலாவின் அலறல் கேட்டது. அவர் அப்படியே நிறுத்தி, வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

“முடியாதுங்க மச்சான்.”

சொன்ன அவருக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. நல்லசிவம் முகம் செம்புக் குழாய் மாதிரி சிவந்தது, வாயைத் திறந்தார், எதைச் சொல்லப்போகிறார் என்று ராசாமணி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அறைக்குள் குழந்தை அழுதது.

பித்தளைக் கேஜின் முள் அர்த்தனாரியை விட்டு விலகியது. மெதுவாக, ஒரு தயக்கத்தோடு, பிறகு ஒரே திருப்பாகத் திரும்பி மூடின கதவைக் காட்டிக்கொண்டு படபடவென்று துடித்தது. சிலிண்டர் முட்களும் திரும்பின. கதவு திறந்து நர்ஸம்மா துணியில் சுற்றின பெண்குழந்தையோடு வெளியே வந்தார், அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாரோ அந்தப் பக்கமெல்லாம் முள் நகர்ந்தது. நல்லசிவம் கேஜைத் தட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். முள் சொன்னதற்கு அப்பீல் இல்லை என்று இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்ன மனுஷன், பிறந்து ஒரு நாழிகைகூட ஆகாத அந்த ஆளின் முன்னால் போய் நின்றார்.

“சொல்லுங்கண்ணா,” என்றாள் ராசாமணி. “வேண்டிய ஆளா, வேண்டாத ஆளா?”

அவர் குனிந்து மறுபடியும் முள்ளைப் பார்த்தார். உள்ளே கட்டிலில் கிடந்த கோகிலா, திறந்த கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல்சொட்டு சீனித்தண்ணீர் யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு, சேனை வைப்பது என்பார்கள், அதற்காக நல்ல குணம் உள்ள ஆளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவருவார்கள். சோர்ந்த குரலில் அவள் சொன்னது நடைமுழுக்கக் கேட்டது.

“அப்பா கையால சேனை வேண்டாம், ஓடி ஒளியற புள்ள வேண்டாம். அம்மா கையாலயும் வேண்டாம், எல்லாத்தையும் சாக்குப் போட்டு மூடற புள்ள வேண்டாம். மாமா, நீங்க வைங்க. உள்ள இருக்கறதை அப்படியே மூஞ்சில காட்டற புள்ளதான் எனக்கு வேணும்.”

சீனித்தண்ணீரெல்லாம் ஆகாது, தாய்ப்பால் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்த நர்ஸம்மா, நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த கண்ணாடிக் குழாயில் பந்து ஒட்டிக்கொண்டிருப்பதைச் சரிபார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லசிவம் பித்தளைக் கேஜை, பட்டுத்துணி இல்லாமல், வெறும் சிமெண்ட் தரையில் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ராசாமணி நீட்டின கிண்ணத்தில் விரல்நுனியைத் தொட்டு, அந்தக் குட்டி நாக்கில் பட்டும் படாமல் வைத்தார், குழந்தை சப்புக்கொட்டியது, அவர் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதார்.

கோகிலா கேட்டபடியே அமைந்தது. குழந்தைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று கிடையாது, பசித்தால் பசி, கோபம் வந்தால் கோபம், அதுவும் ஊர் முழுக்கத் தெரியும்படி, ஏனென்றால் இப்போது வெள்ளப்பாறையின் அத்தனை முள்ளும் அவளைத்தான் பார்க்கின்றன, அவள் வீறிட்டால் அத்தனையும் சேர்ந்து துடிக்கின்றன. அங்கமுத்து பாதித் தகட்டில் தீயை நிறுத்திவிட்டு, பாப்பாவுக்கு இன்னும் பால் குடுக்கலையாமா என்று கேட்கிறான். பொங்கலுக்கு நல்லசிவம் கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் தங்கச்சி வீட்டுப் படியும் அப்புறம் பாலம் தாண்டி இன்னொரு படியும் ஏறினார். புதன்கிழமை மத்தியானம் ஈரச்சாக்குப் போடுகிற வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை, முள் வாடிப்போகும் என்று இப்போது நிஜமாகவே நம்புகிறார்கள்.

அர்த்தனாரியை இனி எந்த முள்ளும் காட்டாது. வேண்டுமென்றால் வாழைத்தாருக்குப் பின்னால் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்து கடலை தின்னலாம். ஆனால் அவர் கடையில்தான் இருக்கிறார், மேஜையில் ஒரு கேஜைப் படுக்கப்போட்டு, ஒரு கண் அதன்மேல். முள் துடித்தால் திருப்புளியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எதிரே நிற்கிறவன், அண்ணா, என்னோடதை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க என்று கெஞ்சுவான். முடியாதுங்க என்று அழகாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பட்டறைகளுக்கு நடுவே, பட்டப்பகலில், நடுரோட்டில் பாலத்தைப் பார்த்து நடப்பார்.